பூமியின் போர்வையை அளந்த சர்வேயர் - ஜான் டிண்டால்

(இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்)



விஞ்ஞானி என்றதும் நம்ம மனசில் என்ன வருகிறது? பெரிய காலேஜ், பெரிய பட்டம், வாயில் நுழையாத பாஷை. நமக்கும் அதுக்கும் ரொம்ப தூரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் இன்று உலகமே கவலையோடு பேசும் பருவநிலை மாற்றத்துக்கு அடிப்படையான உண்மையை அளந்து காட்டியவர் யார் தெரியுமா? கருவிகளைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைந்த ஒரு சர்வேயர். போர்டு மேல் குனிந்து கோடு போட்ட ஒரு டிராஃப்ட்ஸ்மேன். தொழில் முறையில் பார்த்தால் அவர் நம்ம ஆள்!

கான்ஸ்டபிள் வீட்டுப் பிள்ளை

ஜான் டிண்டால் 1820 ஆகஸ்ட் 2-ம் தேதி, அயர்லாந்தில் கார்லோ மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சின்ன ஊரில் பிறந்தார். அப்பா போலீஸ் கான்ஸ்டபிள். சொத்து சுகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இருந்தாலும் பையனைப் படிக்க வைத்தார். உள்ளூர் பள்ளிக்கூடத்திலேயே கணக்கும், நில அளவையும், படம் வரைவதும் கற்றுக்கொண்ட டிண்டால், 1839-ல் அரசாங்க சர்வே இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. நம்ம வயசுதான்!

சில வருஷத்தில் இங்கிலாந்தில் உள்ள பிரஸ்டன் நகருக்கு மாற்றல் ஆனது. தொழிலாளர்கள் படிப்பதற்கென்று அந்தக் காலத்தில் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற நிலையங்கள் இருந்தன. நம்ம பாலிடெக்னிக்குக்குத் தாத்தா முறை என்று சொல்லலாம். டிண்டால் வேலை முடிந்ததும் அங்கே போய் விஞ்ஞான வகுப்புகளைக் கேட்டார்.

சர்வே இலாகாவில் சம்பளம் குறைவு, அயர்லாந்துக்காரர்களுக்கு மரியாதையும் குறைவு. சகிக்க முடியாமல் சக ஊழியர்களோடு சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார். பலன்? 1843-ல் வேலையே போய்விட்டது. மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. அது ஊரெங்கும் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம். ரயில்வே சர்வேயராக இரவு பகல் பாராமல் உழைத்தார். 1847-ல் ஒரு பள்ளியில் கணக்கும் சர்வேயும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஆனார்.

இருபத்தெட்டு வயதில் மறுபடியும் மாணவன்

எங்க குடும்பத்தில் பத்தாவதுக்கு மேல் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, டிண்டால் வாழ்க்கையில் என்னை அதிகம் தொட்டது இந்தப் பகுதிதான். 1848-ல், தான் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஜெர்மனியில் உள்ள மார்பர்க் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். வயது 28. பாஷையும் புதுசு. நம்ம லேபில் இருக்கும் பன்சன் பர்னருக்குப் பெயர் கொடுத்த அதே பன்சனிடம் பாடம் கேட்டார். இரண்டே வருஷத்தில் டாக்டர் பட்டம்!

பட்டம் கிடைத்தால் உடனே வேலை கிடைத்துவிடுமா? அப்பவும் கிடைக்கவில்லை. கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழகம் வரை விண்ணப்பம் போட்டுப் பார்த்தார். இல்லை என்றுதான் பதில் வந்தது. கடைசியில் 1853-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் ஆனார். அங்கே இருந்த மூத்தவர் மைக்கேல் ஃபாரடே. அவரும் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் எடுபிடியாக இருந்து மேலே வந்தவர். இரண்டு உழைப்பாளிகளும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள்.

பனி ஆற்றில் தியோடலைட்

ஆல்ப்ஸ் மலை என்றால் டிண்டாலுக்கு உயிர். 4,506 மீட்டர் உயரமுள்ள வைஸ்ஹார்ன் சிகரத்தில் 1861-ல் முதன்முதலில் ஏறிய குழு அவருடையதுதான். ஆனால் வெறும் பொழுதுபோக்குக்காக அவர் மலைக்குப் போகவில்லை. பிரான்ஸில் மேர் டி கிளாஸ் என்று ஒரு பனி ஆறு. ஆறு என்றாலும் தண்ணீர் இல்லை, முழுக்கப் பனிக்கட்டி. 1857-ல் அதன் குறுக்கே வரிசையாகக் குச்சி நட்டு, கரையில் தியோடலைட்டை வைத்து, எந்தக் குச்சி எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார். பழைய சர்வேயர் புத்தி எங்கே போகும்?

ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதி பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தது என்று அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். பூமி அப்படிக் குளிர்ந்தது எதனால்? திரும்பச் சூடானது எதனால்? இந்தக் கேள்விதான் டிண்டாலை மலையிலிருந்து லேபுக்கு இழுத்து வந்தது.

பித்தளைக் குழாயும் நகர்ந்த முள்ளும்

காற்று மண்டலம் போர்வை மாதிரி வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்று ஃபூரியே என்ற பிரெஞ்சு அறிஞர் 1824-லேயே கருதினார். 1856-ல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட், கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கரியமில வாயு உள்ள குழாய் அதிகம் சூடாவதைக் கண்டார். அவர் பெயரை உலகம் நீண்ட காலம் மறந்தே போயிருந்தது என்பது வருத்தமான விஷயம். ஆனால் பூமியிலிருந்து திரும்பிப் போகும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை எந்த வாயு எவ்வளவு தடுக்கிறது என்று அளக்க அதுவரை கருவியே இல்லை. 1859-ல் டிண்டால் அதைத் தானே உருவாக்கினார்.

சுமார் நாலடி நீளமுள்ள பித்தளைக் குழாய். இரண்டு முனையிலும் கண்ணாடி வைத்தால் கண்ணாடியே வெப்பக் கதிரைத் தடுத்துவிடும். அதனால் பாறை உப்பைப் பளபளவென்று தீட்டிப் பொருத்தினார். நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என்று தருவார்களே, அந்த வகை. குழாயின் ஒரு பக்கம் கொதிநீர் நிரம்பிய பெட்டி, மறுபக்கம் தெர்மோபைல். அதாவது நாம் படித்த தெர்மோகப்பிள்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டியது. அதோடு ஒரு கால்வனாமீட்டர். தெர்மோபைலின் இன்னொரு முகத்துக்கு வேறொரு கொதிநீர்ப் பெட்டி. இரண்டு சூடும் சமமானால் முள் பூஜ்யத்தில் நிற்கும். எலக்ட்ரிக்கல் நண்பர்களே, வீட்ஸ்டோன் பிரிட்ஜை பேலன்ஸ் செய்கிறோமே, அதே தத்துவம்தான்!

இப்போது குழாய்க்குள் ஒவ்வொரு வாயுவாக விட்டார். ஆக்சிஜன் போனது. முள் அசைந்ததே தெரியவில்லை. நைட்ரஜன், ஹைட்ரஜனும் அப்படியே. கரியமில வாயு போனதும் முள் நகர்ந்தது! நீராவி, ஓசோன், ஹைட்ரோகார்பன் வாயுக்கள் எல்லாமே வெப்பத்தைப் பிடித்தன. காற்றில் 99 சதவீதம் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கைகட்டி நிற்க, கொஞ்சமே இருக்கும் வாயுக்கள் பெரிய வேலையைச் செய்கின்றன. சாம்பாருக்கு உப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த வாயுக்கள் இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். இருப்பதால்தான் சுமார் 15 டிகிரி. ஆக, போர்வை நமக்கு வேண்டும். அது தடித்துப் போவதுதான் ஆபத்து. இந்த வாயுக்களின் அளவு மாறினால் பருவநிலையே மாறும் என்பதை 1861-ல் டிண்டால் எழுதிவிட்டார். ஆனால் மனிதனே அதை மாற்றுவான் என்று அவர் சொல்லவில்லை. அவர் கவலை பழைய பனி யுகத்தைப் பற்றியது.

நல்ல மனம், துயர முடிவு

வானம் ஏன் நீலம் என்றும் ஆராய்ந்தார். டிண்டால் விளைவு என்று பள்ளியில் படித்தோமே, அது இவர் பெயர்தான். 1872-73-ல் அமெரிக்காவில் சொற்பொழிவு செய்து மீந்த சுமார் 13,000 டாலரை அந்த நாட்டு மாணவர்களின் விஞ்ஞானப் படிப்புக்கே கொடுத்துவிட்டு வந்தார். கஷ்டப்பட்டுப் படித்தவருக்குத்தானே அதன் அருமை தெரியும்! 1893 டிசம்பர் 4-ம் தேதி, அன்பு மனைவி தவறுதலாக மாற்றிக் கொடுத்த மருந்தால் காலமானார்.

அவருக்குப் பிறகு

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1896-ல் ஸ்வீடன் நாட்டு அரீனியஸ், கரியமில வாயு இரு மடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். 1938-ல் காலண்டர் என்ற நீராவி இன்ஜினியர், 147 வானிலை நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, பூமி ஏற்கெனவே சூடாகி வருகிறது என்றார். 1958 முதல் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மலை மேல் காற்றைத் தொடர்ந்து அளந்தார். தொழிற்சாலைக் காலத்துக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, 1958-ல் 315 ஆகி, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிப்பதும் காடழிப்பதும்தான் முக்கியக் காரணம்.

விளைவு? 2024 வரை பதிவான ஆண்டுகளில் 2024-தான் மிகச் சூடானது. கடல் மட்டம் உயர்கிறது. வெயில் அலையும் பேய் மழையும் கூடுகின்றன. டிண்டால் குச்சி நட்ட அதே பனி ஆறு, 1850-லிருந்து சுமார் 2 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் பனியைத் தொட, இறங்கும் படிகளை வருஷா வருஷம் நீட்ட வேண்டியதாயிற்று.

நம்ம கையில் என்ன இருக்கிறது?

2015-ல் பாரிஸில் உலக நாடுகள் கூடி, வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு நன்றாகக் கீழே நிறுத்த ஒப்பந்தம் செய்தன. கையெழுத்துப் போட்டது தலைவர்கள். ஆனால் வேலை நடக்க வேண்டியது தொழிற்கூடத்திலும் கட்டடத்திலும். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. சாம்பல் கலந்த சிமெண்டைப் பொருத்தமான இடத்தில் போட்டாலே அதைக் குறைக்கலாம். அது சிவில்காரன் வேலை. மின்சாரத்தை விழுங்கும் மோட்டாரைக் கண்டுபிடித்து மாற்றுவது, சோலார் தகடு மாட்டுவது எலக்ட்ரிக்கல்காரன் வேலை. ஏ.சி. வாயு கசியாமல் பார்ப்பது, பாய்லரில் எரிபொருள் வீணாகாமல் பார்ப்பது மெக்கானிக்கல்காரன் வேலை.

இதற்கெல்லாம் முதல் படி சரியான அளவு. முள் அசையாத வாயுவுக்கு அசையவில்லை என்றும், அசைந்த வாயுவுக்கு இவ்வளவு அசைந்தது என்றும் டிண்டால் உள்ளதை உள்ளபடி எழுதினார். அதனால்தான் 160 வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த முடிவு நிற்கிறது. ரிக்கார்டு நோட்டில் விடை வருகிற மாதிரி ரீடிங் போடும் பழக்கம் நம்ம மத்தியில் உண்டு. நாளைக்கு ஒரு புகைபோக்கியை அளக்கப் போகும்போதும் அப்படிப் போட்டால், ஏமாறப்போவது எக்ஸாமினர் இல்லை நண்பர்களே, ஊர் ஜனங்கள்!

டிப்ளமோதானே என்று நம்மை நாமே குறைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சர்வேயர் அளந்ததால்தான் உலகத்துக்கு உண்மை தெரிந்தது. நாமும் ஒழுங்காக அளப்போம், ஒழுங்காக எழுதுவோம்.