சட்டம் நின்ற எல்லை: வ. வே. சு. ஐயர்

ஓர் அரசின் சட்டம் எதுவரை செல்லும்? எல்லைக் கல் வரை செல்லும், அங்கே நின்றுவிடும். அதற்கு அப்பால் கை நீட்ட வேண்டுமானால், அடுத்த அரசின் இசைவைப் பெற்றாக வேண்டும். நான் அறிவியல் மாணவன். சட்டம் கற்றவன் அல்லன். ஆயினும் இவ்வுண்மையை எனக்குத் தெளிவாக உணர்த்தியது வ. வே. சு. ஐயரின் வாழ்க்கை.

திருச்சியை அடுத்த வரகனேரியில் 1881-இல் பிறந்தவர் ஐயர். திருச்சியில் வக்கீலாக இருந்தார். பின் இரங்கூன் சென்றார். 1907-இல் பாரிஸ்டர் பட்டத்துக்காக இலண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே இந்தியா விடுதியில் சாவர்க்கரின் நட்புக் கிடைத்தது. படிப்பை முடித்தும், மன்னருக்கு விசுவாச உறுதி கூற மனம் ஒப்பாததால் பட்டத்தையே துறந்தார்.

1910 மார்ச்சில் சாவர்க்கர் இலண்டனில் கைதானார். வழக்கை மும்பையில் நடத்துவதென முடிவாயிற்று. கப்பல் மார்செய் துறைமுகத்தில் நின்றபோது அவர் கடலில் குதித்துக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலர் ஒருவர் அவரைப் பிடிக்க, பிரிட்டிஷார் அங்கேயே கப்பலுக்கு இழுத்துச் சென்றனர். எந்த நீதிபதியும் விசாரிக்கவில்லை. எந்த மனுவும் எழுதப்படவில்லை. இன்று விக்ரோலியில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் மும்பை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் மூவர் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தனர். பிரான்ஸ் முறையிட்டது. ஹேக் நகர நடுவர் மன்றம் 1911 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது: ஒப்படைத்த முறை பிழையே, ஆனால் திருப்பி அனுப்பும் கடமை பிரிட்டனுக்கு இல்லை!

இதற்கிடையே ஐயர் மாறுவேடத்தில் இலண்டனைவிட்டுத் தப்பி, 1910-இலேயே புதுச்சேரி வந்துவிட்டார். அதுவும் பிரெஞ்சு மண்தான். மார்செய் காக்காத உரிமையைப் புதுச்சேரி காத்தது. வேறுபாடு எங்கே? அங்கே சட்டம் வாய் திறக்குமுன் காரியம் முடிந்துவிட்டது. இங்கே சட்டத்துக்குப் பேச நேரம் கிடைத்தது. அரசியல் குற்றத்துக்காக ஒருவரை ஒப்படைப்பதில்லை என்ற விதி, பிரிட்டனும் பிரான்ஸும் 1876-இல் செய்த உடன்படிக்கையிலேயே இருந்தது. பாரதியாரும் அரவிந்தரும் அதே ஊரில் அடைக்கலம் புகுந்திருந்தனர். பிரிட்டிஷ் ஒற்றர்கள் தெருவில் நிற்கலாம், கைவைக்க முடியாது.

1911 ஜூனில் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டபின் நெருக்கடி முற்றியது. வாஞ்சிக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் ஐயரே என்பது காவல்துறையின் கருத்து. உலகப் போரில் பிரிட்டனும் பிரான்ஸும் தோழரானதும், அகதிகளை அல்ஜீரியாவுக்கு அனுப்பும் பேச்சும் எழுந்தது. ஐயர் அசையவில்லை. அந்த ஆண்டுகளில் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தமிழ்ச் சிறுகதைக்கு வழி திறந்த குளத்தங்கரை அரசமரத்தைப் படைத்தார். பொது மன்னிப்புக்குப் பின், 1920-இல்தான் எல்லை தாண்டினார். மறு ஆண்டே தேசபக்தன் இதழில் வந்த எழுத்துக்காகச் சிறை! பெல்லாரிச் சிறையில் கம்பராமாயண ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் எழுதினார்.

பிரான்ஸ் உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நாடுகள் 1968-இல் பிரஸ்ஸல்ஸில் ஓர் ஒப்பந்தம் செய்தன. சிவில், வணிக வழக்குகளில் எந்த நாட்டு மன்றம் விசாரிப்பது என்பதையும், ஒரு நாட்டுத் தீர்ப்பை மற்றது எவ்வாறு மதிப்பது என்பதையும் அது வகுத்தது. நாடுகள் ஒத்துழைப்பது நன்றே. ஆனால் அவ்வொத்துழைப்பு நீதிமன்ற வாசல் வழியே நடக்க வேண்டும். துறைமுகப் படிக்கட்டில் நடக்கக் கூடாது.

ஐயரின் வாழ்வில் மற்றோர் எல்லையும் உண்டு. சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர் சிலருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதைக் கண்டித்தனர். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. பேரரசுகள் வகுத்த கோட்டைத் துணிந்து தாண்டியவர், உணவுக் கூடத்தில் கிடந்த கோட்டை அழிக்கவில்லையே! அவரை மதிக்கும் நாம் இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1925 ஜூனில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து, ஐயர் உயிர்நீத்தார். வயது நாற்பத்து நான்கு. அவர் வாழ்வு நமக்குக் கேள்வியொன்றை விட்டுச் சென்றிருக்கிறது. நண்பர்களே, எந்த எல்லை மனிதனைக் காக்கிறது? எந்த எல்லை அவனைப் பிரிக்கிறது? முன்னதைப் போற்றுவோம், பின்னதை அழிப்போம்.