நாற்பத்து நான்கு வயதில் புறப்பட்டவர்

வகுப்பறை உலகப்படத்தில் விரல் வைத்து ஊர் தேடிய நாம், நாற்பது கடந்ததும் இனித் தனியே எங்கே போவது என்கிறோம். அப்போதெல்லாம் ஐடா ஃபைஃபர் அம்மையார் எம் நினைவுக்கு வருகிறார்.

1797இல் வியன்னாவில் பிறந்தவர். வழக்கறிஞரான கணவர் தொழிலை இழந்தபோது பியானோ கற்பித்து மைந்தர் இருவரையும் வளர்த்தார். அவர்கள் ஆளாகிய பின், 1842இல், மரணசாசனம் எழுதிவைத்துவிட்டுத் தனியே புறப்பட்டார். கொன்ஸ்தாந்திநோபிளில் தோழியைக் காணப் போவதாகவே வீட்டாரிடம் சொன்னார். சென்றதோ எருசலேம், எகிப்து வரை.

கையிருப்பு சொற்பம். ஆகவே சிக்கனமாகவே பயணித்தார். முதல் பயண நூல் தந்த பணத்தில் ஐஸ்லாந்து சென்றார். சேகரித்த பூச்சிகளையும் தாவரங்களையும் அரும்பொருளகங்களுக்கு விற்று மேலும் பயணித்தார். 1846இல் தொடங்கிய உலகப் பயணத்தில் எமது காலி, கொழும்பு, கண்டியையும் கண்டார். பெர்லின், பாரிஸ் புவியியற் சங்கங்கள் அவரைக் கௌரவ உறுப்பினராக்கின. லண்டன் சங்கமோ பெண் என்பதால் சேர்க்கவில்லை.

மடகஸ்காரில் பற்றிய காய்ச்சல் 1858இல் அவர் உயிரைப் பறித்தது. மருத்துவராக நாம் சொல்வது இதுவே: தடுப்பு மருந்தின்றிப் புறப்படாதீர்கள், தோழியரே, வயதைச் சொல்லி நின்றுவிடவும் வேண்டாம்.