முப்பது நாளில் அமைதி கண்ட வழக்கறிஞர்

நாடு பிடித்தவர்களின் பெயரை வரலாறு எளிதில் மறப்பதில்லை. தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து 1739-இல் காரைக்காலைப் பெற்ற கவர்னர் துய்மாவின் பெயர் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. அவருக்குப் பின் வந்த துய்ப்ளெக்சுக்குப் புதுவையில் சிலையே நிற்கிறது. ஆனால், பிடித்த ஊரைப் பேசித் திருப்பித் தந்தாரே ஒருவர், அவர் பெயரை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்? வாளெடுத்தவனுக்குச் சிலை, வழக்கு முடித்தவனுக்கு மறதி! அந்த மறதியைப் போக்கவே இன்று பியேர் மெந்தேஸ் பிரான்ஸ் என்பாரின் வரலாற்றைக் கூற முற்படுகிறோம்.

1907 ஜனவரி 11-இல் பாரிசில் பிறந்தவர் அவர். யூதக் குடும்பம். மத வெறியின் கொடுமை தாங்காமல் போர்த்துகல் நாட்டைவிட்டு வெளியேறிப் பிரான்சில் குடியேறியவர்கள் அவருடைய முன்னோர். தந்தையார் துணி வணிகர். மைந்தரோ சட்டம் பயின்றார். இளம் வயதிலேயே வழக்கறிஞரானார். 1932-இல் பாராளுமன்ற உறுப்பினரானபோது அவருக்கு வயது 25. அந்த மன்றத்தில் அவரைவிட இளையவர் எவருமில்லை. 1938-இல் லெயோன் ப்ளும் அமைத்த அமைச்சரவையில் நிதித்துறைத் துணைப் பொறுப்பும் கிடைத்தது.

பதவியும் புகழும் படிப்படியாக வரும் வேளையில் போர் வந்தது. 1940-இல் பிரான்ஸ் இட்லரிடம் வீழ்ந்தது. எதிரிக்கு அடிபணிந்த விஷி அரசு, விமானப்படை அதிகாரியாயிருந்த மெந்தேஸ் பிரான்சை மொராக்கோவில் கைது செய்தது. படையைவிட்டு ஓடினார் என்பது குற்றச்சாட்டு! போரைத் தொடர வேண்டுமென்று கடல் கடந்து சென்றவர் மீது ஓடிப்போன குற்றம்! இராணுவ நீதிமன்றம் 1941-இல் ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. சட்டம் கற்றவருக்குச் சட்டமே விலங்கானது. அதிகாரத்தின் கையில் அகப்பட்ட சட்டம் எத்தகைய கோரவடிவு கொள்ளும் என்பதை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை. சிறைக் கொட்டடியில் கிடந்து அறிந்தார். அதே ஆண்டு ஜூனில் சிறையிலிருந்து தப்பினார், இலண்டன் சேர்ந்தார், தெ கோலின் அணியில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்து போரிட்டார்.

கசப்பு மருந்தையே நாட்டுக்குத் தர வேண்டும் என்ற அவரது நிதிக்கொள்கையைத் தெ கோல் ஏற்கவில்லை. 1945-இல் அமைச்சர் பதவியை உதறினார். இந்தோசீனப் போர் மூண்டது. வெல்லவும் முடியாது, விடவும் மனமில்லை என்று பிரெஞ்சு அரசுகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. 1950 முதலே மெந்தேஸ் பிரான்ஸ் ஒன்றையே திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார்: பேசித் தீர்ப்பதே வழி. கேட்பாரில்லை. 1954 மே 7-இல் தியன் பியன் பூ வீழ்ந்த பிறகே பாரிசின் செவி திறந்தது.

இந்தோசீனப் போர் காரைக்காலுக்குத் தொலைதூரச் செய்தியல்ல. சைகோன் என்பது நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னொரு வீடு. வாணிபத்துக்குப் போனவர், பிரெஞ்சு அலுவலகத்தில் எழுத்தரானவர், பட்டாளத்தில் சேர்ந்தவர் எனப் பலர் அங்கே இருந்தனர். அங்கே துப்பாக்கி வெடித்தால் இங்கே தாய்மார் நெஞ்சு அதிர்ந்தது.

1954 ஜூன் 18-இல் மெந்தேஸ் பிரான்ஸ் பிரதமரானார். ஜூலை 20-க்குள் போர் நிறுத்தம் காண்பேன், தவறினால் விலகுவேன் என்று நாள் குறித்துக் களம் இறங்கினார். பேச்சுவார்த்தை என்ற பெயரால் காலம் கடத்துவோரைப் பார்த்துப் பழகிய உலகம் வியந்தது. ஜெனிவாவில் இரவு பகல் பாராது பேசினார். அந்த மாநாட்டில் இந்தியாவுக்கு நாற்காலி இல்லை. எனினும் வழக்கறிஞரான வி. கே. கிருஷ்ண மேனன் அங்கே சென்று, ஒவ்வொரு தரப்பாரின் அறைக்கும் நடந்து இணக்கம் தேடினார். ஜூலை 21 புலருமுன் உடன்பாடு பிறந்தது. அதைக் கண்காணிக்க அமைந்த பன்னாட்டுக் குழுவில் கனடாவும் போலந்தும் உறுப்பினர், தலைமை இந்தியாவுக்கு.

அடுத்த வழக்கு நம்முடையது. 1948-லேயே, மக்களின் விருப்பமறிந்து எதிர்காலத்தை முடிவு செய்வதென்று டெல்லியும் பாரிசும் ஒப்புக்கொண்டிருந்தன. ஒப்புக்கொண்டதோடு சரி. 1949-இல் சுங்க உடன்பாடு முறிந்தது. தஞ்சை வயல்களுக்கு நடுவே எல்லைக்கோடு முள்வேலியாயிற்று. ஒரே ஆறு, ஒரே மொழி, ஒரே உறவு. ஆனால் பெண் எடுத்த ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு! 1954 மார்ச்சு முதல் நகராட்சிகள் இணைப்புத் தீர்மானம் போட்டன. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாகியும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நழுவின. மே மாதம் பாரிசில் தொடங்கிய பேச்சும் முறிந்திருந்தது.

சிக்கல் எங்கே? பிரான்சின் 1946-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், அதன் 27-ஆம் பிரிவு! சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதமின்றி எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுத்தல் செல்லாது என்றது அது. நல்ல சட்டம்தான், ஆனால் அதையே சாக்காக்கி நாளைக் கடத்தினர் முன்னவர்கள். அதையே சாவியாக்கினார் மெந்தேஸ் பிரான்ஸ். உடைமை மாறுவதற்கு ஒப்பந்தமும் பாராளுமன்ற ஒப்புதலும் வேண்டும். ஆட்சிப் பொறுப்பு மாறுவதற்கு இரு அரசுகளின் உடன்பாடு போதும். ஆகவே முதலில் நிர்வாகம், பிறகு சட்டபூர்வ உரிமை என இரு படிகளாக வழக்கு பிரிக்கப்பட்டது.

1954 அக்டோபர் 18-இல் புதுவைக்கு அருகிலுள்ள கீழூரில், புதுவை, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இணைப்புக்கு ஆதரவாக 170 பேர். எதிராக 8 பேர். 21-இல் டெல்லியில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. இடைக்காலம் தவிர்த்து இரு நூற்றாண்டுக்கு மேல் பறந்த கொடி, ஒரு பீரங்கி முழக்கமும் இன்றி இறங்கியது.

178 பேர் வாக்களித்தால் மக்கள் வாக்களித்ததாகுமா என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்வியே. 1949-இல் சந்திரநாகூரில் வாக்காளர்களே நேரடியாக வாக்களித்தனர்; இங்கே அது நடக்கவில்லை. குறை குறைதான். ஆனால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: ஜெனிவா உடன்பாடு 1956 ஜூலையில் வியத்நாம் முழுவதும் தேர்தல் என்றது. அந்தத் தேர்தல் நடக்கவேயில்லை. 1975 வரை அந்நாடு இரத்தத்தில் மூழ்கியது. கீழூரில் குறையுள்ள வாக்கெடுப்பாவது நடந்தது. காகிதத்தில் எழுதப்பட்ட சம்மதத்துக்கும் கேட்டுப் பெற்ற சம்மதத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

மெந்தேஸ் பிரான்சை மாசற்ற மாணிக்கமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. காரைக்காலில் ஆட்சி மாறிய அதே நவம்பர் 1-இல் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. துனீசியாவுக்குத் தன்னாட்சி வழங்க முன்வந்தவர், அல்ஜீரியா பிரான்சின் அங்கமென்று கூறிப் படையை அனுப்பினார். இங்கே சம்மதம் கேட்டவர், அங்கே கேட்கவில்லை. அந்தப் பிழைக்கு இரு நாட்டு மக்களும் எட்டாண்டு உயிர்விலை கொடுத்தனர்.

குடிப்பழக்கத்துக்கு எதிராக அவர் எடுத்த போர் வேறொன்று. பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் தரச் செய்தார். தாமும் பொது இடத்தில் பால் கோப்பையை உயர்த்தினார். திராட்சை மது விளையும் நாடு சிரித்தது. மதுக்கடைக்குப் பெயர் போன நம் ஊரார் அவரைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? நம்மைப் பார்த்தல்லவா அவர் சிரித்திருப்பார்!

1955 பிப்ரவரியில் அவர் அரசு கவிழ்ந்தது. ஏழரை மாத ஆட்சி! 1956 மே 28-இல் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரொரோகும் உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். அல்ஜீரியப் போர் முடியும்வரை பாரிசு அதற்கு ஒப்புதல் தரவில்லை. 1962 ஆகஸ்டு 16-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. மெந்தேஸ் பிரான்ஸ் மீண்டும் பிரதமராகவில்லை. 1958-இல் தெ கோலின் புதிய ஆட்சிமுறையை எதிர்த்துப் பதவி இழந்தார், கொள்கையை இழக்கவில்லை. 1982-இல் மறைந்தார். நாள், அக்டோபர் 18. கீழூர் வாக்கெடுப்பின் நாள்.

அந்த ஒப்பந்தத்தை இன்று எடுத்துப் படிக்க வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்றது. அரசு ஊழியர் வேலைக்குக் காப்பளித்தது. நிலுவை வழக்குகள் பழைய சட்டப்படியே முடியும் என்றது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சு மொழிக்கு இடமளித்தது. ஆட்சி மாறும்போது எளியவன் தெருவில் நிற்கலாகாது என்ற அக்கறை அதில் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டாம் பிரிவு: இப்பகுதியின் தனி நிர்வாகத் தகுதியில் மாற்றம் செய்வதானால், மக்களின் விருப்பமறிந்தே செய்ய வேண்டும்.

அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதா? 1979-இல் புதுவைப் பகுதிகளை அண்டை மாநிலங்களோடு சேர்க்கும் எண்ணம் டெல்லியில் எழுந்தபோது, மக்கள் தெருவில் இறங்கித்தான் தங்கள் விருப்பத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. 2017-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கேளாமலே மூன்று நியமன உறுப்பினர்களை மத்திய அரசு சட்டமன்றத்தில் அமர்த்தியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. சட்டப்படி செல்லும், சம்மதப்படி செல்லுமா? காரைக்கால் மக்கள் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது ஐந்து உறுப்பினர்களை. டெல்லி ஒரு கையெழுத்தில் அனுப்புவது மூவரை! மாநிலத் தகுதி கேட்டுப் புதுவைச் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. மக்களின் விருப்பத்தை அறிய இதைவிட வேறென்ன வேண்டும்?

முப்பது நாளில் போரை நிறுத்த முடியும் என்று காட்டினார் ஒரு வழக்கறிஞர். பகைவனாயிருந்த பாரிசு நம்மைக் கேட்டுவிட்டே போயிற்று. உறவினராய் வந்த டெல்லியிடம், நம்மைக் கேட்டுவிட்டு ஆளுங்கள் என்று நாம் கேட்பது பேராசையாகாது. அது ஒப்பந்தத்தில் உள்ள உரிமை.