தனித்து ஒலித்த குரல்

கண்ணால் கண்டதைக் காணாதவர்க்கு எடுத்துச் சொல்வது ஓர் அரிய கலை. விளையாட்டுத் திடலில் நடப்பதை, எங்கோ தொலைவில் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவரின் மனக்கண்ணில் கொண்டுவந்து நிறுத்துவதையே நேர்முக வர்ணனை என்கிறோம். இந்தியாவில் அக்கலைக்கு முன்னோடியாக விளங்கியவர் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் அவர்கள். பாபி என்பது அவருடைய செல்லப் பெயர். அவருடைய வாழ்வை நாங்கள் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு விளையாட்டு விழாவில், பந்தயங்களை ஒலிபெருக்கியில் வர்ணிக்கும் பொறுப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. எங்களுள் நன்றாகப் பேசக்கூடியவர் இருவர். ஆளுக்குப் பாதி நேரம் என்று முடிவானதும், ஒருத்தி கோபித்துக்கொண்டு விலகிவிட்டாள். மற்றவள் காலை முதல் தனியே பேசினாள். மாலையில் தொடர் ஓட்டம் தொடங்கியபோது அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. விழாவின் மிக முக்கியமான பந்தயம் சொல்வாரின்றி நடந்து முடிந்தது. பெற்றோர் முன்னிலையில் நாங்கள் தலைகுனிந்து நின்றோம். சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தல்யார்கானைப் பற்றிப் படித்து வரும்படி மட்டும் கூறினார்.

தல்யார்கான் 1897ஆம் ஆண்டு பிறந்தார். பார்சி இனத்தவர். பத்திரிகைகளில் விளையாட்டைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றவர். அவருடைய இளமையில் வானொலியே ஒரு குழந்தை. அமெரிக்காவில் 1921ஆம் ஆண்டிலேயே குத்துச்சண்டையும் பேஸ்பாலும் வானொலியில் வர்ணிக்கப்பட்டன. பம்பாய் வானொலி நிலையம் 1927ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அகில இந்திய வானொலி என்ற பெயர் ஏற்பட்டதோ 1936இல்.

அக்காலத்தில் பம்பாய் மக்களுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று நான்கு அணிகள் மோதிய குவாட்ராங்குலர் போட்டி அங்கே திருவிழாப் போல நடைபெற்றது. 1934ஆம் ஆண்டு எஸ்பிளனேடு மைதானத்தில் பார்சி அணியும் முஸ்லிம் அணியும் ஆடிய ஆட்டத்தைத் தல்யார்கான் வானொலியில் வர்ணித்தார். அதே 1934இல்தான் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கின் ஆட்டம் ஒன்று முதன்முதலாக அந்நாடு முழுவதும் ஒலிபரப்பாயிற்று. டெட்ராய்ட் நகரில் நடந்த அந்த ஆட்டத்தை 94 நிலையங்கள் ஒலிபரப்பின. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நடந்தன என்று எண்ணும்போது எங்களுக்கு வியப்பாக இருக்கிறது.

அன்று ஏரியல் கம்பியை வீட்டுக் கூரைமேல் இழுத்துக் கட்டி, அதன் இரு முனைகளிலும் பீங்கான் குமிழ்களை மாட்டுவார்கள். பீங்கானில் மின்சாரம் பாயாது அல்லவா? பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் வாழும் எங்களுக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சியைத் தந்தது. அந்தக் கம்பியின் வழியே இறங்கி வந்த ஆங்கிலக் குரலுக்காக மக்கள் காத்திருந்தனர். தல்யார்கானின் குரல் கம்பீரமானது. அதைவிட வியப்பானது அவருடைய பொறுமை. உணவு இடைவேளையும் தேநீர் இடைவேளையும் தவிர, நாள் முழுவதும் அவர் ஒருவரே பேசுவார். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே உள்ள நேரத்தையும் பேச்சாலேயே நிரப்ப வேண்டும். சற்று ஓய்ந்தால், கேட்பவருக்கு ஆட்டமே நின்றுவிட்டது போலாகும். ஒரே ஒரு மாலைப் பொழுதில் எங்கள் மைக் ஓய்ந்ததை நினைத்துப் பார்த்தோம். அவருடைய உழைப்பின் அருமை அப்போது புரிந்தது.

ஆனால் அவரிடம் ஒரு பிடிவாதமும் இருந்தது. மைக்கை வேறொருவருடன் பகிர்ந்துகொள்ள அவர் விரும்பவில்லை. 1948-49ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவு அணி முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது. சுதந்திர இந்தியாவில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அது. மூவர் முறைவைத்துப் பேசட்டும் என்று வானொலி நிலையத்தார் முடிவு செய்தனர். தல்யார்கான் அதை ஏற்காமல் விலகிக்கொண்டார். அவர் தம் இடத்தை இழந்தார். நேயர்கள் அவர் குரலை இழந்தனர்.

அவர் செய்தது சரியா? இதில் நாங்கள் இரு கட்சியாகப் பிரிந்தோம். ஓர் ஓவியத்தை இருவர் தீட்டினால் அழகு கெடும், ஆகவே அவர் செய்தது சரி என்றனர் சிலர். மற்றவர்கள் விஜய் ஹசாரேயின் ஆட்டத்தை எடுத்துக்காட்டினர். குவாட்ராங்குலர் போட்டியில் 1937இல் ஐந்தாவதாகச் சேர்ந்த ரெஸ்ட் அணியில் கிறிஸ்தவர்களும் இடம்பெற்றனர். கிறிஸ்தவரான ஹசாரே 1943இல் இந்து அணிக்கு எதிராக அந்த அணியின் 387 ஓட்டங்களில் 309 ஓட்டங்களைத் தாமே எடுத்தார். ஆனால் எதிர்முனையில் அவர் தம்பி விவேக் விக்கெட்டைக் காத்து நின்றார். இருவரும் சேர்ந்து எடுத்த 300 ஓட்டங்களில் தம்பியின் பங்கு 21 மட்டுமே. அந்த 21 இல்லையேல் 309 ஏது? மதத்தின் பெயரால் அணி பிரித்த அப்போட்டியைக் காந்தியடிகள் 1940இல் ஏற்கவில்லை; 1946இல் அது கைவிடப்பட்டது. சகோதரர் இருவரின் ஆட்டம் மட்டும் நிலைத்து நிற்கிறது.

காலம் தல்யார்கானையும் திரும்ப அழைத்தது. 1954-55இல் இந்திய அணி பாகிஸ்தான் சென்றபோது அவர் மீண்டும் வர்ணனை செய்தார். 1970களின் தொடக்கத்தில் டெஸ்ட் ஆட்டங்களின்போது, நாளின் முடிவில் அன்றைய ஆட்டத்தைத் தொகுத்துரைத்தார். நாள் முழுவதும் தனியே பேசியவர், மற்றவர்கள் பேசி முடித்தபின் சிறிது நேரம் பேச முன்வந்தார். அதை நாங்கள் தோல்வி என்று கருதவில்லை. முதுமையிலும் எழுதுவதை விடாத அவர், தொண்ணூறு வயதைக் கடந்து 1990ஆம் ஆண்டு மறைந்தார். முறைவைத்துப் பேசும் வழக்கமே நிலைத்தது. பின்னாளில் தமிழிலும் அப்துல் ஜப்பார் போன்றோர் அவ்வாறே பேசி நம் செவிகளை மகிழ்வித்தனர்.

எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறையில் ஒருவர் மண்ணைக் குழைக்கிறார். ஒருவர் அச்சில் வார்க்கிறார். ஒருவர் மெருகு பூசுகிறார். ஒருவர் சூளையைக் கவனிக்கிறார். பொம்மையின்மேல் யார் பெயரும் இருப்பதில்லை. இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவள், சென்ற ஆண்டு கோபித்துக்கொண்டு போன அதே தோழிதான். அவள் தந்தை அத்தகைய பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார்.

இவ்வாண்டு விழாவில் இருவரும் ஒரே மேசையின் முன் அமர்ந்தனர். ஒருத்தி ஓட்டங்களைச் சொன்னாள். மற்றவள் தாண்டுதலையும் எறிதலையும் சொன்னாள். தொடர் ஓட்டத்தின்போது, கோல் கைமாறும் ஒவ்வொரு முறையும் மைக்கும் கைமாறியது. இறுதி வரை குரல் ஓயவில்லை.

தல்யார்கானிடமிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஏற்ற பணியைச் சோர்வின்றிச் செய்யும் உறுதி. மற்றொன்று, அவரே காலம் கடந்து கற்றுக்கொண்டது: பிறர்க்கு இடம் விடுதல். அன்புத் தோழியரே, முதலாவதை அவரைப் போலவே கற்போம். இரண்டாவதை அவரைவிட விரைவில் கற்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி