ரொறன்ரோ இழந்த பேராசிரியர்: லெயோபோல்ட் இன்ஃபெல்ட்

1950ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் ஜோர்ஜ் ட்ரூ எழுந்து ஓர் அச்சத்தை வெளியிட்டார். ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கம்யூனிஸ்ட் ஆட்சியிலுள்ள போலந்துக்குச் செல்லவிருக்கிறார் என்றும், அவர் வழியாக அணு இரகசியங்கள் அங்கு போய்ச் சேரக்கூடும் என்றும் அவர் கூறினார். அந்தப் பேராசிரியர் லெயோபோல்ட் இன்ஃபெல்ட். அணுகுண்டுப் பணியில் அவர் ஒருநாளேனும் ஈடுபட்டவரல்லர். வான்பொருள்கள் ஒன்றையொன்று எவ்வாறு ஈர்த்து இயங்குகின்றன என்பதே அவர் ஆழ்ந்தறிந்த விடயம். அதுவோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அச்சாகி நூலகங்களில் எவரும் எடுத்துப் படிக்கக் கிடந்தது.

இன்ஃபெல்ட் 1898இல் கிராக்கோ நகரின் யூதர் குடியிருப்பில், தோல் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையார் மகனை வணிகத்துக்கே அனுப்ப விரும்பினார். மகனோ தானாகவே படித்துப் பல்கலைக்கழகம் புகுந்து 1921இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பட்டம் கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. யூதருக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் எளிதில் திறவாத காலம் அது. பல ஆண்டுகள் சிறு நகரப் பாடசாலைகளில் ஆசிரியராக இருந்தார். கலாநிதிப் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறு தொழில் பார்ப்பதன் வலி என்னவென்பதை எம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

பின்னர் கேம்பிரிட்ஜில் மாக்ஸ் போர்னுடன் பணியாற்றி, 1936இல் பிரின்ஸ்ரனில் ஐன்ஸ்டீனிடம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு உதவித்தொகையை நீடிப்பதற்கு 600 டொலர் வேண்டும் என்று ஐன்ஸ்டீனே கேட்டும் அந்நிறுவனம் மறுத்துவிட்டது. தம் பணத்தைத் தர ஐன்ஸ்டீன் முன்வந்தபோது அதை ஏற்க இன்ஃபெல்ட் உடன்படவில்லை. மாறாக, இருவரும் சேர்ந்து பொதுமக்களுக்காக ஒரு நூல் எழுதலாம் என்றார். பௌதிகத்தின் வளர்ச்சியைக் கூறும் அந்நூல் 1938இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. வறுமை பெற்ற பிள்ளை அது.

ஆயினும் அவ்வாண்டின் பெரும் பணி அந்நூலன்று. ஐன்ஸ்டீன், இன்ஃபெல்ட், பனேஷ் ஹொஃப்மன் ஆகிய மூவரும் பொதுச் சார்பியலின்படி பொருள்கள் இயங்கும் முறையை அக்கோட்பாட்டின் புலச் சமன்பாடுகளிலிருந்தே வருவித்தனர். கணிப்பு மிக நீண்டதாதலின் சஞ்சிகையில் முழுவதையும் அச்சிட இயலவில்லை. முழுப் பிரதி பிரின்ஸ்ரன் நிறுவனத்தில் வைக்கப்பட்டது. நியூற்றனின் விதியில் ஈர்ப்பு, திணிவையும் தூரத்தையும் மட்டுமே பொறுத்தது. இம்மூவரின் சமன்பாடுகளிலோ பொருள்களின் வேகமும் ஈர்ப்பில் பங்கு கொள்கிறது. பிற்காலத்தில் எம்மவரான சுப்பிரமணியன் சந்திரசேகர் 1965இல் இவ்வழியைப் பாய்பொருள்களுக்கும் விரித்தார்.

ஓடும் திணிவுக்கு இத்தகைய விளைவு உண்டெனில், சுழலும் திணிவுக்கும் உண்டு. கொதிக்கும் பனம்பாகில் அகப்பையைச் சுழற்றினால் சுற்றிலுமுள்ள பாகும் உடன் திரும்புவதுபோல, சுழலும் பூமி தன்னைச் சூழ்ந்த காலவெளியையும் சிறிது இழுத்துச் செல்லும். வியன்னாவில் லென்சேயும் திர்ரிங்கும் இதனை 1918இலேயே கணித்திருந்தனர். ஆனால் விளைவு மிக நுண்ணியது. 1976இலும் 1992இலும் ஏவப்பட்ட இரு லேஜியோஸ் செய்மதிகளின் பாதைத் தளம் இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீற்றரே நகர்கிறது. அச்செய்மதிகளின் கண்ணாடிகள் திருப்பியனுப்பிய லேசர் ஒளியைக் கொண்டு, 2004இல் சுமார் 10 சதவீத வழு எல்லைக்குள் இந்நகர்வு உறுதிசெய்யப்பட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில் கிராவிட்டி புரோப் பி என்ற செய்மதி ஏவப்பட்டது. அதனுள் மேசைப்பந்தளவிலான நான்கு குவார்ட்ஸ் கோளங்கள் சுழன்றன. அவற்றின் அச்சு ஆண்டுக்கு ஒரு பாகையின் மூவாயிரத்து அறுநூற்றிலொரு பங்கினை மேலும் ஆயிரமாகப் பிரித்தால் வரும் அலகில் 39.2 திரும்ப வேண்டும் என்பது கணிப்பு. 2011இல் வெளியான அளவீடு 37.2; வழு எல்லை 7.2. அச்சு திரும்புவதை ஒரு விண்மீனை நோக்கியே அளந்தனர். அவ்விண்மீனும் நகர்வதால் அதன் நகர்வை வானொலித் தொலைநோக்கிகளால் துல்லியமாக அறிய வேண்டியிருந்தது. அப்பணியை முன்னின்று செய்தது இதே ரொறன்ரோவிலுள்ள யோர்க் பல்கலைக்கழகக் குழு. நம் பிள்ளைகள் பலர் படித்த இடம் அது.

இன்ஃபெல்ட் 1938இல் இந்நகருக்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கற்பித்தார், மணம் புரிந்தார், இரு பிள்ளைகள் இங்கு பிறந்தனர். போலந்தில் விட்டுவந்த உறவினர் பலரை நாஜிகள் கொன்றனர். போர் முடிந்தபின் அணு ஆயுதத்துக்கு எதிராக மேடைகளில் பேசினார். சிலர் அவரை ஐயுறத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். நாடாளுமன்றப் பேச்சுக்குப் பின் பத்திரிகைகள் ஆரவாரித்தன. போலந்தில் ஓராண்டு கற்பிப்பதற்கு அவர் கேட்ட விடுப்பைப் பல்கலைக்கழகம் மறுத்தது. போலந்து சென்றிருந்த அவர் அங்கிருந்தே பதவி விலகினார்.

வார்சோவில் அவர் ஒரு பௌதிகத் துறையையே வளர்த்தெடுத்தார். 1955இல் ரஸலும் ஐன்ஸ்டீனும் அணுப்போருக்கு எதிராக விடுத்த அறிக்கையில் கையொப்பமிட்ட பதினொருவரில் ஒருவர். அவரைக் கம்யூனிஸ்டுகளின் கைப்பாவை என்றவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினர்: 1964இல் போலந்து அரசின் தணிக்கையை எதிர்த்து 34 அறிஞர்கள் எழுதிய மடலிலும் அவர் ஒப்பம் இருந்தது. 1968 ஜனவரியில் வார்சோவில் காலமானார்.

கனடா அவரோடு நிற்கவில்லை. இம்மண்ணிலேயே பிறந்த அவருடைய இரு பிள்ளைகளின் குடியுரிமையையும் 1958இல் அரசு தனியாணை ஒன்றினால் நீக்கியது. ரொறன்ரோப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், அவர் இறந்து இருபத்தேழு ஆண்டுகளின் பின், ஓய்வுநிலைப் பேராசிரியர் என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியது.