அரசாங்கத்துக்கு முன்பே கப்பல் விட்ட வ.உ.சி.

பெடாஸ் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நம்மில் பலரின் தாத்தா பாட்டிமார் ரஜூலா கப்பலில் வந்தவர்கள். அது பிரிட்டிஷ் இந்தியா என்ற வெள்ளையர் கம்பெனியின் கப்பல். அந்தக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்ட தமிழர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், தூத்துக்குடியில் வழக்கறிஞராக இருந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து அந்தக் கம்பெனியின் பிடியில் இருந்தது. அதை உடைக்க 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். திரட்டிய பணத்தில் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் 1907இல் வந்தன.

வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. நட்டத்தைத் தாங்கும் பணம் அதனிடம் இருந்தது. ஆட்சியும் அதன் பக்கம் இருந்தது.

கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற வ.உ.சி., 1908 மார்ச்சில் கைதானார். 40 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீட்டில் குறைந்தது. சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. அதைத் திரும்பக் கிடைக்கச் செய்த நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் வறுமையிலேயே மறைந்தார்.

பொதுமக்களின் பங்குப் பணத்தால் மட்டும் தாங்க முடியாத சுமையைச் சுதந்திர இந்தியாவின் அரசாங்கம் ஏற்றது. 1950இல் கீழைக் கப்பல் கழகம் உருவானது. 1961 அக்டோபர் 2ஆம் நாள் அது மேலைக் கப்பல் கழகத்துடன் இணைந்து இந்தியக் கப்பல் கழகமானது. நம் நாட்டிலும் 1968இல் மலேசிய அனைத்துலகக் கப்பல் நிறுவனம் அமைந்தது.

1973இல் ரஜூலாவையே இந்தியக் கப்பல் கழகம் விலைக்கு வாங்கியது. அதன் பின் சென்னையிலிருந்து பினாங்குக்கும் கிள்ளானுக்கும் நம் உறவினர்களை ஏற்றி வந்த எம்.வி. சிதம்பரமும் அதே அரசாங்கக் கழகத்தின் கப்பல்தான். வ.உ.சி. கொழும்புக்குத் தொடங்கிய பயணம், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு நம் துறைமுகம்வரை வந்து சேர்ந்தது. தூத்துக்குடித் துறைமுகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.