ஆர்தர் ஆஷ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றான வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டு. கருப்பின மக்களை அடிமைகளாகவே வைத்திருக்க வேண்டிப் போரிட்ட தென்மாநிலங்களுக்கு ஒரு காலத்தில் தலைநகராக விளங்கியதும் இந்நகரமே. அப்போரில் தோற்ற படைத்தலைவர்களுக்கு இந்நகரின் அகன்ற சாலையொன்றில் பெருஞ்சிலைகள் எடுக்கப்பட்டிருந்தன. இத்தகைய நகரில், 1943 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10 ஆம் நாள், கருப்பினக் குடும்பமொன்றில் ஆர்தர் ஆஷ் பிறந்தார்.

அவருடைய தந்தையார், கருப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பூங்கா ஒன்றின் காவலர். குடியிருப்பும் பூங்காவினுள்ளேயே இருந்தது. ஆறு வயதில் ஆஷ் தாயை இழந்தார். மெலிந்த உடலினராகிய அச்சிறுவருக்கு, வீட்டருகே இருந்த டென்னிஸ் ஆடுகளமே துணையாயிற்று. ஆனால் நகரின் நல்ல ஆடுகளங்கள் வெள்ளையர்க்கே உரியவை. அங்கு ஆடச் சென்ற ஆஷ் திருப்பி அனுப்பப்பட்டார்.

பத்து வயதளவில் அவருக்கு ஓர் ஆசான் வாய்த்தார். அவர் டாக்டர் இராபர்ட் வால்டர் ஜான்சன் என்னும் கருப்பின மருத்துவர். கோடைதோறும் சிறுவர்களைத் தம் இல்லத்தில் தங்கவைத்து டென்னிஸ் கற்பித்து வந்தார். அவர் வகுத்த விதிகள் கடுமையானவை. எதிரி அடித்த பந்து கோட்டுக்குச் சற்று வெளியே விழுந்தாலும் உள்ளே விழுந்ததாகவே கொண்டு ஆட வேண்டும். நடுவரோடு வாதாடுதல் கூடாது. சினம் முகத்தில் தோன்றலாகாது. வெள்ளையர் நடத்திய போட்டிகளில், கருப்பினச் சிறுவரை வெளியேற்ற ஒரு சிறு காரணமே போதுமானதாயிருந்தது. அக்காரணத்தை அவர்களுக்குத் தரலாகாது என்பதே ஆசானின் கருத்து. மட்டை பிடித்தவர்க்குத்தான் இப்பயிற்சியின் அருமை தெரியும்.

ஆஷ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1966 இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் படையில் அதிகாரியானார். 1968 இல் அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டத்தில் ஹாலந்து நாட்டு டாம் ஓக்கரை வென்றார். பரிசு 14,000 டாலர். ஆனால் ஆஷ் பொருள் பெறாது ஆடுவோர் வரிசையில் இருந்தமையால், அத்தொகை தோற்றவருக்கே சென்றது!

அவருடைய பொறுமையை அச்சம் என்று கொள்ளலாகாது. நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாப்பிரிக்கா அவருக்கு நுழைவுரிமை மறுத்தது. அவர் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்து, 1973 இல் அங்குச் சென்றார். காண்போர் நிறவேறுபாடின்றி அமர வேண்டும் என்னும் நிபந்தனையோடே ஆடினார். சென்றது தவறென்று அவர் இனத்தவருள்ளும் சிலர் கடிந்தனர். அங்கு இரட்டையர் ஆட்டத்தில் அவர் வென்றது, பழைய எதிரியாகிய ஓக்கரையே துணைகொண்டு என்பது சுவையான செய்தி.

1975 இல் விம்பிள்டன் இறுதியாட்டம். எதிரி ஜிம்மி கானர்ஸ், இருபத்திரண்டு வயதினர். விரைந்து வரும் பந்தை அதனினும் விரைவாகத் திருப்புவதில் வல்லவர். ஆஷுக்கோ ஏறத்தாழ முப்பத்திரண்டு. அவர் வெல்வார் என எண்ணியவர் மிகச் சிலரே. வேகமே தம் வலிமையாயிருந்தும், ஆஷ் அன்று அதைக் கைவிட்டார். பந்தை மெல்லவும் தாழவும் அனுப்பினார். முன்னேறி வந்த எதிரியின் தலைக்கு மேலே உயர அடித்தார். இடைவேளைகளில் கண்களை மூடி அமைதியாய் அமர்ந்திருந்தார். 6-1, 6-1, 5-7, 6-4 என்னும் கணக்கில் வெற்றி பெற்றார். விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் வென்ற முதற் கருப்பின ஆடவர் அவரே.

1979 இல் இதயநோய் அவரைத் தாக்கியது. மறு ஆண்டே ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றார். 1983 இல் நிகழ்ந்த இரண்டாம் அறுவையின்போது ஏற்றப்பட்ட குருதியின் வழியே எய்ட்ஸ் நோய் அவரைப் பற்றியதாகக் கருதப்பட்டது. 1988 இல் அதனை அறிந்தும் வெளியிடாதிருந்தார். செய்தித்தாள் ஒன்று வெளியிடக்கூடும் என்று தெரிந்ததும், 1992 ஏப்ரலில் தாமே அறிவித்தார். எந்த ஆடுகளத்திலும் கலங்காத அவருக்கு, தம் சிறுமகளைப்பற்றிக் கூறவேண்டிய இடத்தில் நா எழவில்லை; மனைவியாரே அப்பகுதியைப் படித்தார். அவ்வாண்டு செப்டம்பரில், புகலிடம் தேடி வந்த ஹெய்ட்டி மக்கள் திருப்பி அனுப்பப்படுவதைக் கண்டித்து வெள்ளை மாளிகையின் முன் கிளர்ச்சி செய்து சிறைப்பட்டார்.

1993 பிப்ரவரி 6 ஆம் நாள் ஆஷ் உயிர்நீத்தார். ஒரு காலத்தில் அவரை வெளியே நிறுத்திய ரிச்மண்டு நகரம், 1996 இல் படைத்தலைவர்களின் சிலைகள் நின்ற அதே சாலையில் அவருக்கும் சிலை எடுத்தது. சிறுவர் சூழ, ஒரு கையில் நூல்களும் மறு கையில் மட்டையுமாக அவர் நிற்கிறார். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் படைத்தலைவர்களின் சிலைகள் அச்சாலையினின்று அகற்றப்பட்டன. ஆஷின் சிலையை எவரும் அகற்றவில்லை.